கயாக் கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது: பேடில் ஃப்ளோட்டா, கௌபாயா, குதிகாலா?

கவிழ்ந்த கயாக்கை, அதாவது காலை நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான சின்னப் படகை, விட்டு வெளியே வராமல், இடுப்பை வெட்டி அப்படியே நிமிரும் ரோலுக்கு ஈடு எதுவும் இல்லை, அதில் வாதமே கிடையாது. ஆனால் ரோல் தவறிப்போய்த் தண்ணீரில் கிடக்கிறோம் என்றால்? முதலில் படகையும் துடுப்பையும் விடாதீர்கள், காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நம்மால் நீந்த முடியாது.

தனியாக இருந்தால் கௌபாய் முறைக்கு எந்தச் சாமானும் வேண்டாம். படகை நிமிர்த்திவிட்டு, அதன் பின்பக்கத்தில் வயிறு பட ஏறி, குதிரையில் உட்காருவது மாதிரி இரண்டு பக்கமும் காலைப் போட்டு, நகர்ந்து நகர்ந்து வந்து இருக்கையில் பொத்தென்று உட்கார வேண்டும். வேகமான வழிதான். ஆனால் குறுகலான படகில், அலையும் இருந்தால், மறுபடி விழுவோம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் அது பெரிய விஷயமில்லை, கோடையில் தண்ணீர் 25 டிகிரி பக்கம் இருக்கும், நான் மூன்று தடவை விழுந்து நான்காவதில் ஏறியிருக்கிறேன்.

கேப் டவுனில் கதையே வேறு. கோடையில் தென்கிழக்குக் காற்று அடித்தால் மேல்தண்ணீர் கடலுக்குள் தள்ளப்பட்டு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், அட்லாண்டிக் பக்கம் 12 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே நான் நம்பிப் போனது பேடில் ஃப்ளோட்டை. துடுப்பின் ஒரு முனையில் காற்றுப்பையை மாட்டி ஊதி, துடுப்பை இருக்கைக்குப் பின்னால் குறுக்கே வைத்துப் பிடித்து, எடையைப் பை பக்கமே சாய்த்து ஏற வேண்டும். படகு ஆடாது, நல்ல முறைதான். ஆனால் விரல்கள் விறைத்து அந்தச் சின்ன வால்வைத் திருகி மூட முடியவில்லை, ஊதிய காற்றெல்லாம் போய்விட்டது. அதற்கப்புறம் ஊதவே தேவையில்லாத ஃபோம் ஃப்ளோட்டுக்கு மாறிவிட்டேன். படகின் மேல்தட்டில் இடத்தை அடைக்கும், பரவாயில்லை, மாட்டினால் வேலை முடிந்தது.

கூட ஒருவர் இருந்தால் இதையெல்லாம் யோசிக்கவே வேண்டாம். அவர் உங்கள் படகின் முனையைத் தன் படகின் மேல் இழுத்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, பக்கவாட்டில் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஏறுவதற்குக் குதிகால் முறைதான் என் தேர்வு. என் தங்கைக்குத் தோளில் பலம் கம்மி, வயிற்றால் ஏறப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வழுக்கினாள். மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை இருக்கைக் குழிக்குள் மாட்டியதும் கால் பலத்திலேயே உருண்டு மேலே வந்துவிட்டாள்.

தனியாக ஏறினீர்கள் என்றால் உடனே கிளம்பாதீர்கள். குழிக்குள் நிற்கும் தண்ணீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடி மறுபடி கவிழ்த்துவிடும், கைப்பம்பை எடுத்து இறைத்துவிட்டுத் துடுப்புப் போடுங்கள்.