ஏற்காட்டு வீடும் ஓதம் பார்த்த மேஸ்திரியும்

14 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மாவுக்காக ஏற்காட்டில் ஒரு பழைய ஓட்டு வீட்டுக்கு விலை பேசியிருந்தோம். முன்பணம் கொடுக்கும் முன் கூரையையும் சுவரையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட வேண்டுமென்று நவம்பரில் 10 நாள் விடுப்பில் வந்தேன். வடகிழக்குப் பருவமழை நேரம். வீட்டின் குறையை மழை மறைக்காது.

முதலில் சேலத்திலிருந்து நீர்க்கசிவு தடுக்கும் நிறுவனம் ஒன்றை அழைத்தேன். வந்தவர் ஏணிகூடக் கேட்கவில்லை. கூடத்தில் நின்றபடியே படம் எடுத்தார். சுவர் முழுக்க ரசாயனப் பூச்சு, 1,80,000 ரூபாய் என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “எங்கிருந்து வந்தாலும் நின்றுவிடும் சார்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

தரகரும் ஓர் ஆளைச் சொன்னார். விற்பவருக்கு வேண்டியவரை நான் எப்படி நம்புவது? அக்கம்பக்கத்தில் ஓடு மாற்றிய வீடுகளாகப் பார்த்து விசாரித்தேன். மூன்று வீட்டிலும் ஒரே மேஸ்திரியைச் சொன்னார்கள். நான்கு மழைக்காலம் போயும் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார் ஒரு பாட்டி.

மேஸ்திரி மேலே ஏறி ஓடுகளை நகர்த்தி, ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் கட்டையில் ஆணியைக் குத்திப் பார்த்தார். ஓரத்தில் இரண்டு இடம் உளுத்திருந்தது, மற்றதெல்லாம் உறுதி. பின்சுவரருகே வந்ததும் நின்றுவிட்டார். புதுப் பெயிண்ட். விரல் முட்டியால் தட்டினால் இடுப்புயரம் வரை பொக்கென்று கேட்டது. சாவியால் சுரண்டினார், பெயிண்ட் தோலாக உரிந்தது, உள்ளே வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது.

ஓர் அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டினார். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம், சுவர்ப்பக்கம் நனைந்தால் சுவரின் ஓதம், அதாவது சுவருக்குள் ஊறிய ஈரம் என்றார். மூன்றாம் நாள் சுவர்ப்பக்கம் முத்து முத்தாக நீர்.

சரிவை வெட்டிக் கட்டிய வீடு அது. பின்னால் மண் சரிந்து சுவரோடு ஒட்டிக் கிடந்தது. “உள்ளே எதைப் பூசினாலும் உப்புத் தள்ளிவிடும் தம்பி. மண்ணை அள்ளி, தரைமட்டத்துக்குக் கீழே வடிகால் எடுக்க வேண்டும். சுவர் ஒரு கோடை காயட்டும், பிறகு பூசலாம்” என்றார். வேலைக்குத் தனி, சாமானுக்குத் தனியாகக் கணக்கெழுதித் தந்தார். பார்த்ததற்கு ஒரு நாள் கூலி மட்டுமே வாங்கிக்கொண்டார். கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

முன்பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். விற்பவர் மண்ணை அள்ளித்தரச் சம்மதித்துவிட்டார். ஏப்ரலில் மறுபடி வந்து, அதே இடத்தில் பாலிதீன் ஒட்டிப் பார்க்கப் போகிறேன்.