சொப்ரானோ சாக்ஸபோன் மூவர் குழு: பியானோவோடா, பியானோ இல்லாமலா?

நேரடி ஜாஸ் பதிவில் சொப்ரானோவுக்கு (உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் சாக்ஸபோன்) துணை பியானோவும் பாஸுமா (கீழ் ஸ்தாயியில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம்), பாஸும் டிரம்ஸுமா என்று முதலில் பாருங்கள்.

பியானோ இருந்தால் கார்டுகள் (chords, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தெளிவாகக் காதில் விழும். பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தவற மாட்டோம். ஆனால் பியானோவின் சுருதி அசையாது. சொப்ரானோவின் வாய்முனையோ சிறியது. உதடு சற்று இறுகினாலே சுருதி ஏறிவிடும். மேல் ஸ்தாயியில் அந்த விலகல் பளிச்சென்று தெரியும்.

பியானோ இல்லையென்றால் ஸ்வரத்தை வளைக்க, கார்டை விட்டு வெளியே போய்வர இடம் தாராளம். சொப்ரானோவின் உண்மையான அழகு இங்கேதான் திறக்கிறது. பாஸ்தான் வழிகாட்டி, போன் ஸ்பீக்கரில் அது காணாமல் போகும், டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) சத்தமே மிஞ்சும். ஹெட்போன் போட்டு, முதல் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை, 32 பார் (bar, தாளச் சுற்று) கொண்ட பாட்டானால், எட்டு எட்டு பாராக எண்ணிக்கொண்டே சாக்ஸபோனைக் கேளுங்கள்.