புக்ஸ்டாக் – ஒரு வருஷம் ஓட்டிப் பாத்தாச்சு

கோயம்புத்தூர்ல சப்மெர்சிபிள் பம்ப் பண்ற சின்ன யூனிட்டுங்க எங்களோடது, நாப்பது பேர் இருப்போம், நான் குவாலிட்டி. புக்ஸ்டாக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், கம்பெனிக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சத எழுதி வெக்கறதுக்கு. பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல போட்டு வருஷம் ஒண்ணாச்சு.

ஐஎஸ்ஓ 9001னு கம்பெனிகளுக்கான தர ஸ்டாண்டர்ட் இருக்கில்ல, அதுல 2015 வெர்ஷன் வந்தப்போ 7.1.6னு ஒரு பிரிவு சேத்தாங்க, வேலைக்கு வேண்டிய அறிவு என்னென்னன்னு பாத்து அத காப்பாத்தி, தேவைப்படறவங்களுக்குக் கிடைக்கற மாதிரி வெச்சிருக்கணும்னு. அதுக்காக முதல்ல ஒரு கன்சல்டன்ட் வந்தாரு (பேர் வேண்டாம்), தடியா ஒரு ஃபைல் குடுத்தாரு, பொரட்டிப் பாத்தா ஒரு பக்கத்துல ரியாக்டர் கழுவறது எப்படின்னு இருக்கு! பம்ப் கம்பெனிக்கு எதுக்குங்க ரியாக்டர்? ஆடிட் அன்னிக்கு மட்டும் அது பீரோவ விட்டு வெளிய வரும்.

நிஜமான சரக்கு எல்லாம் மோட்டாருக்குக் கம்பி சுத்தற வைண்டிங் அண்ணனோட சட்டைப் பாக்கெட் நோட்டுல இருந்துச்சு. எந்த மாடலுக்கு எத்தன டர்ன் (சுத்து), என்ன கேஜ் (கம்பி தடிமன்) வயர், எல்லாம் அதுலதான். பொண்ணு கல்யாணத்துக்கு அவரு ஒரு வாரம் லீவு போனாரு, இங்க டர்ன் கம்மியா சுத்தி நாலு மோட்டார் டெஸ்ட் பெஞ்ச்ல ஆம்ப்ஸ் கன்னாபின்னான்னு இழுத்து மறுபடி பிரிச்சோம்.

சாஃப்ட்வேர் ரொம்ப சிம்பிள். அலமாரி, அதுக்குள்ள புக்கு, சாப்டர், பக்கம், அவ்வளவுதான், சொல்லித்தரவே வேண்டியதில்ல. யாரு என்ன மாத்தினாங்கன்னு பழைய வெர்ஷனோட நிக்கும். ஆனா கூகுள் டாக்ஸ் மாதிரி ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுத முடியாது, இன்னொருத்தர் எடிட் பண்ணிட்டிருக்காருன்னு எச்சரிக்கை மட்டும் வரும்.

முதல் மூணு மாசம் சுத்த வேஸ்ட். நானே ஒக்காந்து அறுபது பக்கம் எழுதினேன், ஒருத்தரும் தொறக்கல. அப்புறம் முதலாளிகிட்ட சண்ட போட்டு வெள்ளிக்கிழமை மதியம் டீக்கு அப்புறம் அரை மணி நேரம் ஷிஃப்ட்லயே வாங்கினேன், ஓவர்டைம்ல செய்யச் சொன்னா எவன் செய்வான். அண்ணன் "எழுதறதுக்கு நான் என்ன வாத்தியாரா கண்ணு"ன்னாரு, சரின்னு டிப்ளமோ பையன் ஒருத்தன பக்கத்துல ஒக்கார வெச்சோம், அவரு பேசப் பேச போன்ல ரெக்கார்ட் பண்ணி டைப் அடிச்சான். புக்ஸ்டாக்ல பக்கத்துக்குப் பக்கம் ஓனர்னு, அதாவது அந்தப் பக்கத்துக்குப் பொறுப்புன்னு, ஒரு பேர் போடலாம், வைண்டிங் பக்கத்துல எல்லாம் அண்ணன் பேரப் போட்டோம், மறு வாரமே வந்து "அந்த மாடலுக்கு கேஜ் தப்பா போட்ருக்க, மாத்து"ன்னு நிக்கறாரு. ஓனர் யாருன்னு சொல்லாம விட்ட ஸ்டோர்ஸ் புக்கு இன்னும் அரைகுறையாத்தான் கெடக்கு.

இந்த அரை மணி நேரத்துக்கு முதலாளி ஒத்துக்கலைன்னா இன்ஸ்டால் பண்ணிப் பிரயோஜனம் இல்லீங்க. ஒத்துக்கிட்டா அஞ்சுக்கு நாலு தருவேன். பேக்கப் நாமளேதான் எடுக்கணும், அத மறந்துராதீங்க, நான் சனிக்கிழமை தோறும் ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிடறேன்.