சைலன்ட் நாய் விசில்: பெயர்தான் சைலன்ட்

செல்லப்பிராணிக் கடைகளில், நாயைக் கூப்பிட 'சைலன்ட் விசில்' என்று தொங்கும் விரல் நீளக் குழாயை முதல் தடவை ஊதினால் நமக்கும் 'ஸ்ஸ்' என்று கேட்கும். பழுது என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். இளவயதில் நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை பிடிக்கும், நாய்க்குச் சுமார் 45,000. விசிலின் சுருதி நம் எல்லைக்குள்ளேயே தொடங்குகிறது. 1876 வாக்கில் இதை உருவாக்கிய பிரிட்டிஷ் விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டன், கைத்தடியில் பொருத்தி லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊதிப் பார்த்தார். அவர் மெச்சியது என்னவோ பூனையின் காதை! நாம் கூர்மையான காதைப் 'பாம்புச் செவி' என்கிறோம், வெளிக்காதே இல்லாத பாம்புக்கு அந்தப் பெருமை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, சுருதியை மாற்றும் திருகை நகராமல் பிடிக்கும் பூட்டு நட்டு. திருகு உள்ளே போகப் போகக் காற்றறை சுருங்கிச் சுருதி ஏறும். மலிவு அலுமினிய விசிலில் மரை சீக்கிரம் தேய்ந்து, பாக்கெட்டில் கிடக்கும்போதே திருகு நகர்ந்துவிடும். நேற்றைய சத்தம் இன்று வேறாகிவிட்டால் நாய் ஏன் திரும்பிப் பார்க்கப் போகிறது? கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்துப் பித்தளையில் வாங்குங்கள். நாய் விழித்துச் சும்மா படுத்திருக்கையில் அரைச்சுற்றாகத் திருகி மெல்ல ஊதுங்கள். காது நிமிர்ந்து தலை திரும்பும் இடத்தில் நட்டை இறுக்கி, நட்டுக்கும் மரைக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு கோடு போட்டால் போதும். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

விசில் தானாக நாயைக் கூப்பிடாது. ஒரு ஊதல், உடனே ஒரு துண்டு கறி. வேளைக்கு பத்து முறை, தினம் இரண்டு வேளை, முதலில் வீட்டுக்குள், பிறகு மொட்டை மாடி, கடைசியில்தான் மைதானம். அதட்டுவதற்கு ஊதினால் பழக்கிய அத்தனையும் வீண். காதருகே ஊதவே கூடாது.

உச்சச் சுருதியைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும், சுவரும் மறிக்கும். அதனால் திறந்த வெளியில் ஓரளவு தூரம் எட்டும், வீடுகள் நெருங்கிய தெருவில் மூலை திரும்பினால் சந்தேகம்தான். சத்தம் கம்மினால் பிளவில் எச்சில் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் அலசி, திருகைக் கழற்றி உலர்த்துங்கள்.

பக்கத்து வீட்டு நாயின் குரைப்பை நிறுத்த வாங்க நினைக்கிறவர்கள் வாங்காமலே காசை மிச்சம் பிடிக்கலாம். வெள்ளை ராஜபாளையம் குட்டி வைத்திருப்பவர்கள் முதலில் அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காது அசையவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டிவிட்டு, கைச்சைகையில் பழக்குங்கள்.