சக்கரத்தில் ஒரு வீடு: அம்பாசமுத்திரம் சாலையில் கேரவன் வாழ்க்கை

பழைய பயணிகள் வேன் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய கேரவன் எங்களுடையது. மாற்றங்களை முறைப்படி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியிருக்கிறோம். அதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். விபத்து என்று வந்தால் காப்பீட்டுப் பணத்துக்கு அலைய நேரும். சில ஆண்டுகளாக நானும் மனைவியும் இதில் சுற்றுகிறோம். மைலேஜ், மலை ஏறும்போது இழுவை இவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். ஓடும்போது எல்லா வேனும் வேன்தான். துணி துவைக்க, தண்ணீர் பிடிக்க, கழிவைக் கொட்ட என்று ஒதுக்கிவைத்த நாளில்தான் கட்டிக்கொடுத்தவரின் கெட்டிக்காரத்தனமும் அரைகுறை வேலையும் தெரியவரும். எங்களுக்கு அப்படிப்பட்ட நாட்கள் அதிகமும் வாய்த்தது திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில்.

முதல் வேலை தண்ணீர். தொட்டி 100 லிட்டர். நிரப்பினால் வண்டியில் 100 கிலோ கூடுகிறது. அதைப் பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். நிரப்பியதும் வேன் பின்பக்கம் அமுங்கி, வளைவுகளில் வாலை ஆட்டியது. செலவு செய்து அச்சுக்கு மேலே மாற்றிய பிறகுதான் அடங்கியது. ராதாபுரம், பணகுடிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் பிடித்த தண்ணீர் ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் கிடைக்கும் ஊர்களில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் தெருக்குழாயில் குடத்தோடு நிற்பவர்களுக்கு முன்னால் நம் நீளக் குழாயைக் கொண்டுபோய்ச் செருகுவது மரியாதை அல்ல. கூட்டம் கலைந்ததும் கேட்டால் யாரும் மறுத்ததில்லை. பதிலுக்கு ஊரே வண்டிக்குள் எட்டிப் பார்க்கும். “அண்ணாச்சி, இது ஆஸ்பத்திரி வண்டியா?” என்ற கேள்விக்கு இன்னமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

துவைப்பதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில் துணி, சோப்புத்தூள், பாதி அளவு தண்ணீர் போட்டுக் கட்டிவைத்துவிட்டால் மீதியைச் சாலை பார்த்துக்கொள்ளும். பத்தமடைக்கும் வீரவநல்லூருக்கும் இடையிலுள்ள வேகத்தடைகளுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அந்த நுரைத் தண்ணீரை ஆற்றங்கரையில் கொட்ட வேண்டாம். தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்த துணியை ஆற்றோடு விடுகிறவர்கள் செய்யும் கேடே அந்த ஆற்றுக்குப் போதும்.

பத்தமடையைச் சும்மா கடந்துபோகக் கூடாது. கட்டிலுக்குக் கொடுத்த ஃபோம் மெத்தை, நெல்லைச் சீமையின் சித்திரை வெயிலில் முதுகை வேகவைத்தது. அதன் மேல் சாதாரணக் கோரைப்பாய் ஒன்றை விரித்தோம், தூக்கம் வந்தது. பட்டுப்பாய் வேறு கதை. கோரையைக் கீறி, ஓடும் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, இன்னும் மெல்லிசாக்கிப் பருத்தி நூல் பாவில் நெய்கிறார்கள். துணியைப் போல மடிக்கலாம். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. விலை கேட்டு மலைத்தோம், நெய்வதைப் பார்த்த பிறகு பேரம் பேச நா எழவில்லை.

மதியத்துக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். ஒரே குக்கரில் முடிகிற சாப்பாடு; வேன் அடுப்புக்கென்றே செய்தது போல இருக்கும். எரிவாயுவுக்கு 5 கிலோ சிலிண்டர். அது இருக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். எங்கள் வண்டியில் துளையை மேலே போட்டுவிட்டு, காற்றோட்டம் இருக்கிறது என்றார்கள்!

வீரவநல்லூரில் பிரிந்து திருப்புடைமருதூர் போனால் அரை நாள் போவதே தெரியாது. தாமிரபரணியோடு கடனாநதி கலக்கும் இடம். நாறும்பூநாதர் சற்றே சாய்ந்திருக்கிறார். வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்ட கருவூர்ச் சித்தரின் குரலைக் கேட்கத் தலை சாய்த்தார் என்கிறார்கள். ராஜகோபுரத்தின் உள்ளே நிலைக்கு நிலை மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும். கோயிலில் கேட்டுக்கொண்டு, நல்ல டார்ச் விளக்கோடு ஏறுங்கள். குதிரைகளை ஏற்றிவரும் கப்பலைத் தேடிப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

ஊர் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 2005இல் இந்த இடத்தைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். சோலார்க்காரர்களுக்கு வரும் சங்கடமும் இங்கேதான். நிழலில் நிறுத்தினால் வண்டி குளிரும், பேட்டரி ஏறாது. தகட்டின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறைந்துவிடும். மரத்தடியில் நிறுத்தினால் நாரைகளின் எச்சம் வேறு. கூரையில் இரண்டு தகடுகள் இருந்தும், நீள ஒயரோடு தரையில் வைக்கும் மூன்றாவது ஒன்றை வாங்கியதுதான் இந்த வண்டிக்கு நாங்கள் செய்த உருப்படியான செலவு. வேன் நிழலிலும் தகடு வெயிலிலும் கிடக்கும். மின்விசிறியும் குளிர்பெட்டியும் இரவு முழுக்க ஓடும். ஒன்று, அல்வாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். நெய் உறைந்து, இறுகிப்போகும். வெளியே வைத்தாலே நாலு நாள் தாங்கும், அதுவரை யார் விட்டுவைப்பார்கள்?

கழிப்பறைப் பெட்டி 20 லிட்டர். இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். பெட்ரோல் பங்கில் டீசல் போட்டுவிட்டு, அனுமதி கேட்டு, அங்குள்ள கழிப்பறையில் கொட்டிக் கழுவி, துப்புரவு செய்பவருக்குப் பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். வாய்க்காலில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களால்தான் பல ஊர்களில் வேனைக் கண்டாலே முகம் சுளிக்கிறார்கள். பெட்டியில் பினாயில் ஊற்றாதீர்கள், செப்டிக் டேங்கில் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

இரவு தங்க பாபநாசத்துக்கு மேலே போகும் எண்ணம் வேண்டாம். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், சோதனைச் சாவடியிலேயே விசாரிப்பார்கள். கீழே சாலையோர பங்குகளே எங்களுக்குப் போதும். நெல்லை நகரின் ரத வீதிகளுக்குள்ளும் வேனைக் கொண்டுபோகாதீர்கள்; வெளியே நிறுத்திவிட்டு டவுன் பஸ் ஏறுங்கள்.

மொத்தத்தில் இந்த வண்டியை மறுபடியும் வாங்குவேன். ஷவரை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலமாரி வைக்கலாம் என்பது என் கட்சி. ஊருக்கு ஊர் படித்துறை இருக்கிறதே. “ஆம்பிளைகளுக்கு அது சரி, ஈரப் புடவையோடு நான் எங்கே போய் மாற்றுவேன்?” என்கிறாள் மனைவி. ஷவர் இருக்கிறது. அலமாரிக்குக் கட்டிலின் அடியில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.