கோத்தகிரி சந்தா நூலகமும் மெலிவிலு கோப்பும்

கோத்தகிரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இயங்கும் ஒரு சிறிய சந்தா நூலகம், புத்தகங்களை இரவல் தருவதோடு நில்லாமல், காலாண்டுக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு பொருளைப் பற்றித் தமிழில் கோப்பு தொகுத்து உறுப்பினர்களுக்குப் படிக்கக் கொடுக்கிறது. இம்முறை வந்திருப்பது, சிலி நாட்டு மபூச்சே பழங்குடி மக்களிடையே தொடக்ககால அரசியல்வாதியாக விளங்கிய பிரான்சிஸ்கோ மெலிவிலுவைப் பற்றியது. மலைவாழ் மக்களின் நில உரிமையில் அக்கறையுள்ளவர்கள் இந்த ஒரு கோப்புக்காகவே சந்தா கட்டலாம்.

மெலிவிலுவின் பிறப்பிலிருந்து தொடங்காமல் நிலத்திலிருந்து தொடங்கியிருப்பதுதான் இதன் பெரிய பலம். ஸ்பானியரோடு 1641-இல் கில்லினில் உடன்படிக்கை செய்துகொண்டு, பியோபியோ ஆற்றுக்குத் தெற்கே தன்னாட்சியோடு வாழ்ந்த மக்களைச் சிலி ராணுவம் 1861 முதல் 1883 வரை படிப்படியாக அடக்கியது. பின்னர் 1884 முதல் 1929 வரை வழங்கப்பட்ட ஏறத்தாழ 3,000 கூட்டுப் பட்டயங்களின் (ஒரு சமூகத்துக்குப் பொதுவாகத் தரப்பட்ட நில உரிமைப் பத்திரங்களின்) மூலம் சுமார் 5 லட்சம் ஹெக்டேர் மட்டுமே அவர்களுக்கு மிஞ்சியது. கோப்பிலுள்ள கைவரைபடத்தில் தெமுக்கோ நகரைச் சுற்றி அந்தத் துண்டு நிலங்களைச் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளையாக விடப்பட்ட பரப்பைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

நிலத்தைப் பறித்த அரசின் பள்ளிகளிலேயே படித்துத் தேறி, அந்த அரசின் சட்டமொழியிலேயே உரிமை கேட்ட தலைமுறையின் கதை அடுத்து வருகிறது. மானுவேல் நெகுல்மான் என்ற ஆசிரியரைத் தலைவராகக் கொண்டு 1910-இல் மபூச்சே மக்களின் உரிமைகளுக்காகக் கௌப்போலிக்கான் சங்கம் தோன்றியதும், 1924-இல் மெலிவிலு நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வான முதல் மபூச்சே ஆனதும், அதே ஆண்டு செப்டம்பரில் ராணுவம் நாடாளுமன்றத்தையே கலைத்துவிட்டதும் தெளிவாக எழுதப்பட்டுள்ளன. அத்தனை பாடுபட்டுப் பிடித்த இடம் சில மாதங்களில் கைநழுவியதைப் படிக்கும்போது மனம் ஆறவில்லை.

குறை என்று பார்த்தால், மானுவேல் மான்கிலெஃப்பை இரண்டே வரிகளில் கடந்துவிட்டார்கள். மபூச்சே ஆசிரியரான அவர் 1926-இல் நாடாளுமன்றக் கீழவை உறுப்பினராகி, கூட்டு நிலங்களைத் தனித்தனியாகப் பிரிக்க வழிசெய்த 1927-ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பாடுபட்டார். தனிப்பட்டா இருந்தால்தான் முன்னேற்றம் வரும் என்பது அவருடைய நம்பிக்கை. மானுவேல் அபுர்த்தோ பாங்கிலெஃப் என்ற இன்னொரு மபூச்சே தலைவரின் அரௌக்கானியக் கூட்டமைப்போ நிலம் பிரிக்கப்படுவதை எதிர்த்தது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ்த் தனி உரிமையா, சமூக உரிமையா என்று இன்றும் பேசிக்கொண்டிருக்கும் நீலகிரியில், தோடர் மந்திலும் இருளர் குடியிருப்பிலும் முதலில் எழக்கூடிய கேள்வி இதுதான். கோப்பின் பிற்பாதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்க வேண்டும்.

சேவையில் பெரிய குறையில்லை. கோப்பை வீட்டுக்குத் தருவதில்லை என்றாலும், நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். பொறுப்பாளர் அம்மா பொறுமையாகப் பதில் சொல்வதோடு, தொடர்புடைய புத்தகங்களையும் கேட்காமலேயே எடுத்து வைக்கிறார். மூடுபனிக் காலத்தில் தாள்கள் ஈரம் கோத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கண்ணாடி அலமாரி ஒன்று அவசியம் தேவை. பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வேறுவேறாக எழுதப்பட்டிருப்பதையும் திருத்த வேண்டும். மாலையில் சீக்கிரமே பூட்டிவிடுவதால், குன்னூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் முற்பகலிலேயே போய்விடுவது நல்லது.