வட்டமாக்குவது யார்: ஓதமா, உந்துபொறியா, லைகேஸா?

பிரிக்ஃபீல்ட்ஸில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஆறாம் படிவ மாணவர்கள் செயல்திட்டத்துக்குத் தலைப்புக் கேட்டால், வட்டமாக்கலை, அதாவது நீள்வட்டப் பாதையோ நேரான டி.என்.ஏ. இழையோ வட்டமாவதை, பரிந்துரைப்பேன். வானியலிலும் அது உண்டு, மூலக்கூற்று உயிரியலிலும் உண்டு. எதை எடுப்பது என்பதில்தான் வகுப்பு இரண்டு கட்சியாகிவிடுகிறது.

வானியல் கட்சியின் முதல் வேட்பாளர் ஓதம், அதாவது ஈர்ப்பு ஒரு பொருளை இழுத்து நீட்டுவது. நீள்வட்டத்தில் சுற்றும் கோள் தன் விண்மீனை நெருங்கும்போது அதிகம் இழுபட்டு நீள்கிறது; விலகும்போது தளர்கிறது. இந்தப் பிசைவில் சுற்றுப்பாதையின் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. கோண உந்தமோ (சுற்றும் இயக்கத்தின் அளவு) ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே பாதை சுருங்கி, வட்டத்தை நெருங்குகிறது. எச்.டி. 80606 பி என்ற கோளின் மையத்தொலைத் தகவு (பாதை எவ்வளவு நீண்டது என்பதன் அளவு; வட்டத்துக்குச் சுழி) 0.93, பாதையின் அரை நெட்டச்சு, அதாவது நீள அச்சில் பாதி, 0.45 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமி-சூரியன் சராசரித் தொலைவு). கோண உந்தம் மாறாமல் அது வட்டமானால் ஆரம் 0.06 அலகாகும். ஒரே வரிக் கணக்கு, விடையோ வியக்க வைப்பது.

வியாழனின் நிலவான அயோ இன்னும் சுவையானது. பக்கத்து நிலவுகளான யூரோப்பாவும் கனிமீடும் முறைவைத்து இழுப்பதால் அதன் பாதை முழு வட்டமாகாமல் 0.004 தகவிலேயே நிற்கிறது. பிசைவும் வெப்பமும் ஓய்வதில்லை. அங்கே எரிமலைகள் இருக்கலாம் என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர்கள் மூவரும் 1979 மார்ச்சில் எழுதினார்கள். அதே மாதம் வாயேஜர் 1 விண்கலம் அவற்றைப் படமெடுத்தது.

உந்துபொறிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009 ஜூலையில் நம் மலேசியாவின் ரசாக்சாட் செயற்கைக்கோளைச் சுமந்த ஃபால்கன் 1 ராக்கெட்டின் இரண்டாம் கட்டம், பாதையின் உச்சியில் மறுபடி எரிந்து அதைச் சுமார் 685 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக்கியது. ஓதம் ஆற்றலைக் கழித்துச் செய்வதை இது கூட்டிச் செய்கிறது. மலேசியப் பெருமை உண்டு. திட்டத்துக்கு அது மட்டும் போதாது.

என் ஓட்டு லைகேஸுக்கு, அதாவது டி.என்.ஏ. நுனிகளைப் பிணைக்கும் நொதிக்கு. பாதை கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாகலாம், டி.என்.ஏ. இழையில் இரு நுனிகளும் பிணைந்தால்தான் வட்டம், பாதி வட்டம் கிடையாது. நுனிகள் சந்திப்பதோ தற்செயல். சுமார் 150 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளம்வரை இழை விறைப்பாகவே இருப்பதால் குட்டி இழைகள் எளிதில் வளைவதில்லை. வளைந்தாலும் டி.என்.ஏ.வின் முறுக்கு பொருந்த வேண்டும்: முறுக்கின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10.5 இணைகள் என்பதால், ஐந்து இணைகள் கூடினாலே நுனிகள் முதுகு காட்டி நிற்கும்.

சோதனையும் கைக்கு எட்டும். 2,686 இணைகள் கொண்ட பி.யு.சி. 19 பிளாஸ்மிட்டை, அதாவது ஒரு சிறு வட்ட டி.என்.ஏ.வை, ஈகோஆர்1 நொதி ஒரே இடத்தில் வெட்டி நேரிழையாக்கும். பிறகு டி4 லைகேஸை, அடர்த்தியான கரைசலில் ஒன்றும் நீர்த்த கரைசலில் ஒன்றுமாகச் சேர்த்துப் பாருங்கள். அடர்த்தியில் ஓர் இழை அடுத்த இழையைப் பிடித்து நீண்ட தொடராகிறது. நீர்த்ததில் தன் வாலையே பிடித்து வட்டமாகிறது. டி.என்.ஏ.வை அளவும் வடிவும் பார்த்துப் பிரிக்கும் ஜெல்லில் இரண்டும் வேறு வேறு பட்டைகளாகத் தெரியும். வானியல் கட்சியினர் இப்படி ஒன்றைக் காட்டட்டும்!

பணம்தான் தடை. லைகேஸை மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும், ஜெல் கருவியும் தேவை. பள்ளியில் இவை இல்லாத மாணவர்கள் ஆசிரியர் மூலம் ஏதாவது பல்கலைக்கழக ஆய்வகத்தை அணுகலாம். அதுவும் அமையாவிட்டால் அயோவை எடுங்கள். கால்குலேட்டரும் வாயேஜர் படங்களும் போதும்.